ஊர்க்காரங்க ஏன் உள்ள வரல? செட்டிநாட்டுல ஊர்க்கலை பண்ண வர்றவங்களுக்கு ஒரு நீண்ட பதில்

கேள்வி என்னன்னு முதல்ல சுருக்கமா சொல்லிடுறேன். காரைக்குடிக்குப் பக்கத்துல ஒரு கிராமத்துல, ரொம்ப நாளா பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்ட வாடகைக்கு எடுத்து, ஊர் மக்களோட சேர்ந்து கலை ப்ராஜெக்ட் பண்ண ஒரு இளசுங்க டீம் வந்திருக்கு. கண்காட்சி வச்சாச்சு, ஒர்க்‌ஷாப் வச்சாச்சு, பேச்சும் வச்சாச்சு. வந்தவங்க பூராம் பேராசிரியர்கள், ஆர்க்கிடெக்சர் படிக்கிற பசங்க, சென்னையிலேருந்து கார் போட்டு வந்தவங்க. அதே தெருவுல இருக்குறவங்க எட்டிக்கூடப் பாக்கல. "இவங்களுக்கு கலைய எப்படிப் புரிய வைக்கிறது, காலேஜ் வட்டத்த தாண்டி எப்படிக் கொண்டு போறது"ன்னு தம்பி கேட்டிருக்காரு.

தம்பி, அந்த "புரிய வைக்கிறது"ங்குற இடத்துலயே எனக்கு ஒத்து வரல. இந்தச் சீமை ஜனங்களுக்கு கலை புரியாம இல்ல. பொங்கலுக்கு நடுவீட்டுக் கோலம் போடுற ஆச்சிக்கு எந்த இழை எங்க திரும்பணும்னு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல, கரகம் ஆடுறதப் பாக்குற டீக்கடைக்காரருக்கு எது நல்ல ஆட்டம் எது சும்மா குலுக்குறதுன்னு உங்க கியூரேட்டர விட வேகமா தெரியும். அவங்க வாசல்ல நின்னு யோசிக்கிறது ஒண்ணே ஒண்ணுதான்: "இதுல நமக்கென்ன வேல இருக்கு?" அதுக்கு உங்ககிட்ட பதில் இல்லாததால அவங்க பாட்டுக்குப் போயிடுறாங்க. சும்மா வந்து நின்னு பாத்துட்டுப் போங்கன்னா அதுக்கு டிவியே போதுமே.

நம்ம ஊர்ல ஊர்க்கலைன்னு ஒண்ணு எப்படி நடந்துச்சு, இப்பவும் எப்படி நடக்குதுன்னு பாக்கணும்னா புரவி எடுப்பப் பாருங்க. சிவகங்கை, புதுக்கோட்டை ரெண்டு மாவட்டத்துலயும், சிங்கம்புணரி பக்கமெல்லாம், அய்யனாருக்கு மண்குதிரை செஞ்சு தூக்கிட்டுப் போற திருவிழா. ஊர் கூடிப் பேசி இந்த வருஷம் எடுக்குறதுன்னு முடிவு பண்ணுவாக, அப்புறம் ஊர் சார்பா ஒரு பிடி மண்ண எடுத்து, மண்ணுல குதிரை செய்யிற வேளார் கையில குடுப்பாக, அதுதான் பிடிமண். அந்த மண்ணக் கையில வாங்குனாத்தான் வேளாருக்கு வேலையத் தொடங்குற உரிமை, வாங்குன நாள்லேருந்து அவரு விரதம். குதிரை பூரா வேளார் தெருவுலதான் உருவாகும், அங்கேயே சூளை வச்சு, வர்ணம் பூசி, குறிச்ச நாள்ல கண் திறந்து, ஊர்க்காரங்க கம்புல கட்டித் தோள்ல தூக்கிக்கிட்டு கொட்டோட கோயிலுக்குப் போவாக. ஊர்க் குதிரை தவிர அவங்கவங்க நேர்த்திக்கடனுக்கு மாடு, நாயி, பிள்ளை பொம்மை, கை காலுன்னு தனித்தனியா செஞ்சு எடுத்துட்டு வர்றவங்களும் உண்டு. செலவுக்கு வீட்டுக்கு வீடு வரி. கொண்டுபோய் வச்சதுக்கு அப்புறம் யாரும் அதுக்கு பெயிண்ட் அடிச்சுப் பாதுகாக்க மாட்டாக, வெயில்லயும் மழையிலயும் உடைஞ்சு மண்ணாப் போகும், அடுத்த தடவை புதுசு.

இதுல பார்வையாளர்னு தனியா ஒரு ஆளக் காட்டுங்க பாப்போம். மண்ணு குடுக்குறவர், செய்யிறவர், வரி குடுக்குறவர், கொட்டு அடிக்கிறவர், தூக்குறவர், வழியில தண்ணி ஊத்துறவங்க, இப்படி எல்லாருக்கும் ஒரு வேல இருக்கு, அந்த வேல அவங்க உரிமை, அத விட்டுக்குடுக்கச் சொன்னா சண்டைக்கு வருவாக. இதப் பத்தி எத்தனையோ ஆராய்ச்சி வந்தாச்சு, ஆனா அந்த ஆராய்ச்சிய நம்பி குதிரை நிக்கல.

ஆனா இதக் கேட்டுட்டு "அடடா, அந்தக் காலத்து கிராமம்"னு உருகிடாதீங்க, அதுலதான் நெறைய பேரு விழுறாங்க. உரிமைன்னு ஒண்ணு இருந்தா, அது இல்லாதவன்னு ஒருத்தனும் இருக்கான். தேவகோட்டை பக்கம் கண்டதேவி தேர் விஷயம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. ஆனித் தேர். உஞ்சனை, செம்பொன்மாரி, தென்னிலை, இறகுசேரின்னு நாலு நாட்டுக்காரங்க வடம் பிடிக்கிற தேர், இங்க நாடுன்னா பல கிராமம் சேந்த ஒரு கூட்டு. எங்களுக்கும் வடம் பிடிக்க உரிமை வேணும்னு தலித் மக்கள் கேட்டதுலேருந்து 1990கள் கடைசியில தகராறு பெருசாச்சு, கோர்ட், போலீஸ், பேச்சுவார்த்தைன்னு போயி, நடுவுல பல வருஷம் தேரே ஓடாம நின்னு, கடைசியில 2024 ஜூன்ல பலத்த போலீஸ் பாதுகாப்போட ஓடுச்சு. ஒரு கயிற யார் தொடுறதுங்குறதுக்கு இத்தனை வருஷம். அந்தச் சீமையிலதான் நீங்க "எல்லாரும் வாங்க"ன்னு ஒரு பேனர் கட்டிட்டு எல்லாரும் வருவாங்கன்னு எதிர்பாக்குறீங்க.

சரி, உங்க வீட்டு விஷயத்துக்கு வருவோம். நீங்க அந்த வீட்ட எடுத்ததுக்குக் காரணம் அழகு. பர்மா தேக்குத் தூணு, ஆத்தங்குடித் தரைக்கல்லு, முட்டை வெள்ளைக்கரு போட்டுப் பூசுன செவுரு, கண்ணாடி மாதிரி பளபளன்னு. ஆனா பக்கத்துத் தெருக்காரவுகளுக்கு அந்த வீடு வேற. முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டுன்னு ஒரு தெருவுலேருந்து அடுத்த தெரு வரைக்கும் நீளுற அந்த வீட்டுல யாரு எந்தக் கட்டு வரைக்கும் வரலாம், யாரு பின்வாசல் வழியா மட்டும் வரலாம்னு தலைமுறை தலைமுறையா ஒரு கணக்கு இருந்துச்சு. அவங்க அப்பத்தா அந்த வீட்டு மூணாங்கட்டுல நெல்லு அவிச்சிருப்பாக, ஆனா முன்வாசல் வழியா ஒரு நாளும் ஏறியிருக்க மாட்டாக. இப்ப நீங்க போயி "ஃப்ரீ என்ட்ரி"ன்னு எழுதி வச்சா அந்தக் கணக்கு ஒரு ராத்திரியில அழிஞ்சிடுமா? அதுவும் செருப்பக் கழட்டிட்டு வாங்கன்னு வாசல்ல ஒரு ஆள வேற நிப்பாட்டியிருப்பீங்க.

அதனால முதல் வேலையா வெளிய வாங்க. ஊருணிக்கரை இருக்கு, வாரச்சந்தை இருக்கு, ரேஷன் கடை வாசல்ல மாசா மாசம் ஊரே நிக்குது, கவர்மெண்ட் ஸ்கூல் வராந்தா இருக்கு, பஸ் ஸ்டாப் இருக்கு. பொதுவான இடம்னு நீங்க நினைக்கிறதும் எல்லாருக்கும் பொதுவா இருக்காது, அதையும் பாத்துக்கங்க. கோயில் மண்டபத்துல வச்சா பாய் வீட்டுப் பொம்பளைங்க வரத் தயங்குவாங்க, ஒரு தெரு சமுதாயக் கூடத்துல வச்சா இன்னொரு தெரு வராது. நான் பாத்த வரைக்கும் ஓரளவுக்கு எல்லாரும் கூச்சமில்லாம வர்ற இடம் ஸ்கூலுதான், ஏன்னா அவங்க புள்ளைங்க உள்ள இருக்கு. அந்தப் பெரிய வீட்ட விட்டுடணும்னு சொல்லல, முதல்ல வெளிய ரெண்டு மூணு விஷயம் நடந்து முகம் பழகுனதுக்கு அப்புறம், அவங்களே ஒரு நாள் உள்ள என்ன இருக்குன்னு பாக்க வருவாங்க, அப்ப முன்வாசலத் திறந்து விடுங்க, பக்கத்துல நின்னு விளக்கம் குடுக்காதீங்க.

அடுத்தது பாஷை. உங்க கண்காட்சி போட்டோ பாத்தேன், செவுத்துல ஒட்டியிருக்கறது "வெளியும் நினைவும் ஊடாடும் கதையாடல்". இங்கிலீஷ்ல இருந்தா புரியாதுன்னு தமிழ்ல போட்டிருக்கீங்க, நல்ல எண்ணம்தான், ஆனா இந்தத் தமிழுக்கு அந்த இங்கிலீஷே தேவல. எழுதுனத ஒட்டுறதுக்கு முன்னாடி டீக்கடையில இருக்குற ஒருத்தர்கிட்ட சத்தமா படிச்சுக் காட்டுங்க, அவரு "அதாவது?"ன்னு கேட்டா நீங்க வாயால என்ன பதில் சொல்றீங்களோ அதையே எழுதி ஒட்டிடுங்க, அவ்வளவுதான் வேலை. படிக்கத் தெரியாதவங்க, கண்ணு மங்குனவங்க இருப்பாங்க, அவங்களுக்கு கியூஆர் கோடு ஒட்டி பிரயோஜனம் இல்ல, உள்ளூர்ப் புள்ள ஒண்ண உக்கார வச்சு சொல்லச் சொல்லுங்க, அதுக்கு சம்பளமும் குடுங்க.

இந்த விஷயத்துல நம்ம ஊரு சாதாரண ஊரு இல்ல. பெரிய படிப்பாளிங்க விஷயத்த தெருவுக்குக் கொண்டு வந்ததுல காரைக்குடிக்கு ஒரு தனி இடம் உண்டு. சுதந்திரப் போராட்டத்துல இருந்த சா. கணேசன், நாம கம்பன் அடிப்பொடின்னு சொல்றவரு, 1939ல இங்க கம்பன் கழகம் ஆரம்பிச்சாரு. கம்பராமாயணம் அதுவரைக்கும் புலவர் வீட்டுத் திண்ணையிலயும் காலேஜ் வகுப்புலயும் இருந்த சங்கதி. விழான்னு ஒண்ணு வச்சு, பேச்சு, கவியரங்கம், பட்டிமன்றம்னு போட்டதும் பலசரக்குக் கடைக்காரரும் வந்து உக்காந்தாரு. அப்புறம் குன்றக்குடி அடிகளார் அந்தப் பட்டிமன்றத்த ஊர் ஊராக் கொண்டு போனாரு. பட்டிமன்றம் ஏன் பிடிச்சுச்சுன்னா, வழக்குன்னு ஒண்ணு வச்சு ரெண்டு அணி பிரிச்சதும் கீழ உக்காந்திருக்கவனும் மனசுக்குள்ள ஒரு பக்கம் சேந்துடுறான். தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே அவன் தீர்ப்பு சொல்லிடுறான். இப்ப டிவியில வர்ற பட்டிமன்றம் ஜோக் சொல்ற மேடையாப் போச்சுங்குறது வேற கதை, அதுக்குள்ள போகல. நீங்க பேராசிரியரக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் ஸ்லைடு போட்டுப் பேச வைக்கிறதுக்குப் பதிலா, "இந்தப் பழைய வீடுகள இடிச்சு விக்கிறது சரியா தப்பா"ன்னு ஒரு வழக்கு வச்சுப் பாருங்க. இடிச்சு வித்த மரத்துல கூலி வாங்குனவரு ஒரு பக்கம், முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடைக்காரரு ஒரு பக்கம், பங்காளி இருபது பேருக்கும் பொதுவான வீட்டுக்கு தனியா ஓடு மாத்த முடியாம தவிக்கிற ஆச்சி ஒரு பக்கம்னு உக்கார வச்சா, எந்த செமினார்லயும் வராத விஷயம் அன்னைக்கு வரும், கூட்டமும் நிக்கும்.

இன்னொரு உதாரணமும் பக்கத்துலயே இருக்கு. 1990கள் தொடக்கத்துல ஊர் ஜனங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்குடுத்த புதுக்கோட்டை அறிவொளி இயக்கம். பாட்டு, தெருநாடகம்னு கலைப்பயணக் குழுக்கள் கிராமம் கிராமமாப் போச்சு, அதோட சேந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகுனாங்க. நாடகம் பாத்தாங்கங்குறது பெருசில்ல, அந்தக் குழுக்கள்ல நடிச்சதும் பாடுனதும் பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஆளுங்க, நேத்து வரைக்கும் வயல்ல நின்ன பொண்ணு இன்னைக்கு நடுத்தெருவுல நின்னு பாடுது, அத வேடிக்க பாக்கவாவது தெரு வந்துதானே ஆகணும்?

இனி காசு. இத யாரும் வாயத் திறந்து பேச மாட்டாங்க, நான் பேசிடுறேன். கொட்டான்னு சொல்ற பனையோலைக் கூடை முடையிற அக்காவக் கூப்பிட்டு ஒர்க்‌ஷாப் நடத்தச் சொல்றீங்க, வந்த ஸ்டூடண்ட்ஸ்கிட்ட ஃபீஸ் வாங்குறீங்க, அந்த அக்காவுக்கு ஒரு சால்வையும் சாப்பாடும் குடுத்து அனுப்புறீங்க. அன்னைக்கு அவங்களுக்கு ஒரு நாள் கூலி போச்சு. பேராசிரியருக்கு பயணப்படி, தினப்படி குடுக்கத் தெரிஞ்சவங்களுக்கு இது மட்டும் ஏன் தெரிய மாட்டேங்குது? சொல்லித்தர்ற அன்னைக்கு அவங்க ஆசிரியர், ஆசிரியருக்கு உள்ள மரியாதைத் தொகைய முன்கூட்டியே பேசி, அன்னைக்கே கையில குடுத்துடணும். கொட்டான் கதையே இதுக்கு நல்ல பாடம். ஒரு காலத்துல ஆச்சிங்க வீட்டோட முடைஞ்சது, பனங்குருத்த நறுக்கிச் சாயம் போட்டு, கல்யாணச் சீருக்கு வைக்கிறது. பிளாஸ்டிக் வந்ததும் படுத்துச்சு. அப்புறம் எம்.ஆர்எம்.ஆர்எம். கல்ச்சுரல் ஃபவுண்டேஷன் காரைக்குடி சுத்துவட்டார கிராமத்துப் பெண்களுக்குப் பழக்கி, செஞ்சதுக்குக் காசு வர்ற மாதிரி பண்ணுச்சு, இப்ப அதுக்குப் புவிசார் குறியீடும் இருக்கு. ஒரு வீட்டுக்குள்ள, ஒரு சமூகத்துக்குள்ள இருந்த கைவேல வேற வீட்டுப் பொம்பளைங்க கைக்குப் போச்சுன்னா, அதுக்குக் காரணம் பாரம்பரியப் பெருமை மட்டும் இல்ல, கூலியும்தான். 2019ல கண்டாங்கி சேலைக்கும் குறியீடு கிடைச்சுது, ஆனா தறியில உக்கார அடுத்த தலைமுறை வருமான்னு கேட்டீங்கன்னா அங்கயும் கூலிதான் பதில் சொல்லணும்.

பேரும் அப்படித்தான். இங்க உள்ள வீட்டு முகப்பப் பாருங்க, கட்டுனவரோட இனிஷியல் வரிசையா நிக்கும், தாத்தா முப்பாட்டன் வரைக்கும். அந்த நிலைக்கதவச் செதுக்குன ஆசாரி பேரு எங்கயாச்சும் இருக்கா? நீங்களும் உங்க கேட்டலாக்ல "உள்ளூர்க் கைவினைஞர்கள்"னு ஒரே வார்த்தையில முடிச்சிருக்கீங்க. பேரப் போடுங்க, ஊரப் போடுங்க, போட்டோ எடுக்குறதுக்கு முன்னாடி கேளுங்க. ஒப்பாரி, தாலாட்டுன்னு ரெக்கார்ட் பண்ணிட்டுப் போறவங்க அந்தப் பாட்டிக்கே ஒரு காப்பி குடுக்குறதில்ல, பாட்டி போனதுக்கு அப்புறம் அந்தக் குரல் எந்த ஊரு யுனிவர்சிட்டி ஹார்ட் டிஸ்க்ல கிடக்குன்னு பேத்திக்குத் தெரியாது. பேத்தி வாட்ஸ்அப்புக்கு அன்னைக்கே அனுப்பிட்டா என்ன குறைஞ்சிடும்? மேடையேறுற கலைஞர்கள்கிட்ட நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்துல பதிஞ்சிருக்காங்களான்னும் விசாரிங்க, பதியாதவங்களுக்கு அந்த ஃபாரத்த நிரப்பிக் குடுங்க. வாரியம் 2007லேருந்து இருக்கு, பாதிப் பேருக்கு அங்க என்ன கிடைக்கும்னே தெரியாது. இதுவும் கலைப்பணிதான்.

கை கால் முடியாதவங்க, பார்வை இல்லாதவங்கன்னு கேட்டிருந்தீங்க. நம்ம வீடுகளுக்கு திண்ணை உசரம், படி உசரம், உள்ள போனா கட்டுக்குக் கட்டு ஒரு நிலைப்படி. பலகை வச்சு ஒரு சாய்வு போட தச்சருக்கு அரை நாள் வேல, அதுக்கு ஹெரிடேஜ் கெட்டுப்போகும்னு சொல்றவங்களக் காதுல வாங்காதீங்க. முழங்கால் வலிக்கிற ஆச்சிகளுக்கு தரையில பாய் விரிக்காம நாற்காலி போடுங்க, பாத்ரூம் எங்க இருக்குன்னு முதல்லயே சொல்லுங்க, பல பொம்பளைங்க வராததுக்குக் காரணம் அதுதான், வெளிய சொல்ல மாட்டாங்க. பார்வை இல்லாதவங்களுக்கு நம்ம கலை ரொம்பத் தோது. நிலைக்கதவு, கொட்டான், மண்குதிரை எல்லாம் தொட்டுப் பாக்குற சாமான், ஆனா நீங்க "தொடாதீர்கள்"னு எழுதி வச்சிருக்கீங்க. உடையிறத ஒதுக்கி வச்சுட்டு மத்தத தொட விடுங்க. ஆத்தங்குடிக் கல்லு தடவுனா வழுவழுன்னு மட்டும்தான் இருக்கும், டிசைன் தெரியாது, ஆனா அந்த இரும்பு அச்ச கையில குடுத்தா பூவு எங்க வளையுதுன்னு விரலுக்குத் தெரிஞ்சிடும்.

அந்தக் கல்லப் பத்திப் பேசும்போது ஒரு யோசனை. நீங்க செவுத்துல ம்யூரல் வரையப் போறதா சொன்னீங்க, வெளியூர் ஆர்ட்டிஸ்ட் வந்து வரைஞ்சுட்டுப் போறதுல ஊருக்கு என்ன பங்கு? அதுக்குப் பதிலா ஆத்தங்குடிப் பட்டறை ஒண்ணுகிட்ட பேசுங்க. கண்ணாடி மேல சட்டத்த வச்சு, அச்ச உள்ள இறக்கி, கலர் சிமெண்ட அறை அறையா ஊத்தி, அச்ச எடுத்துட்டு, மேல காஞ்ச சிமெண்டு மணல் தூவி, அப்புறம் கலவை போட்டு மட்டம் பண்றது, பிறகு தண்ணித் தொட்டியில ஊறப் போட்டு எடுத்துக் காய வச்சா கண்ணாடியோட வழுவழுப்பு கல்லுக்கு வந்துடும். சின்னப் புள்ளைகூட கலர் ஊத்தலாம், பக்கத்துல பட்டறைக்காரர் இருந்தாப் போதும். வீட்டுக்கு ஒரு கல்லுன்னு ஊர் பூரா ஊத்தி, ஸ்கூல் வராந்தாவுலயோ அங்கன்வாடி உள்ளயோ பதிச்சிடுங்க, வெயில் மழை நேரா அடிக்கிற இடத்துல வேண்டாம், கலர் போயிடும். எந்தத் தெருவு கல்லு எந்தப் பக்கம்னு வரிசை பிரிக்காம கலந்து பதிக்கணும், அத மட்டும் நீங்க விடாமப் பிடிச்சு நில்லுங்க, அங்கதான் பேச்சு வரும். ஹோட்டல்ல வேல பாக்குற வடக்கத்திப் பசங்களையும் கூப்பிடுங்க, அவங்களும் இப்ப ஊர்லதான் இருக்காங்க.

அப்ப படிச்சவங்களுக்கு வேலையே இல்லையான்னா, இருக்கு. கோட்டையூர் ரோஜா முத்தையா போர்டு எழுதுற ஓவியர், எந்தக் காலேஜுலயும் ப்ரொபசர் இல்ல. பழைய புத்தகம், நோட்டீஸ், நாடக விளம்பரம்னு மத்தவங்க எடைக்குப் போட்டத எல்லாம் சேத்து வச்சாரு. 1992ல அவர் காலமானதுக்கு அப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் அத வாங்கி, வெளிநாட்டுக்குத் தூக்கிட்டுப் போகாம, 1994ல சென்னையிலயே நூலகமா ஆக்குச்சு. சேத்தவரு ஊர்க்காரரு, பட்டியல் போட்டு பூச்சி அரிக்காமக் காப்பாத்துனது படிச்சவங்க. அந்த அளவுக்கு வேலையப் பிரிச்சுக்கிட்டா சண்டையே இல்ல. உங்க பேராசிரியருங்கள மைக் முன்னாடி நிப்பாட்டாதீங்க, ரெக்கார்டர் கையில குடுத்துப் பின்னாடி உக்கார வைங்க, ரெண்டு பேருக்கும் நல்லது.

கடைசியா எப்ப வைக்கலாம்னு கேட்டதுக்கு. உங்க பழைய நோட்டீஸ்ல புதன்கிழமை காலை 11 மணின்னு இருக்கு, அந்த நேரத்துல ஊர்ல யாரு இருப்பா? பொம்பளைங்களுக்கு ரெண்டு மணிக்கு மேல நாலு வரைக்கும் கொஞ்சம் கை ஒழியும், இல்லன்னா சாயங்காலம் விளக்கு வச்சதுக்கு அப்புறம். மாசி பங்குனியில காரைக்குடி முத்துமாரியம்மன் திருவிழா, பால்குடம்னு எல்லாரும் அங்க இருப்பாங்க, சித்திரை வெயில்ல நீங்களே நிக்க மாட்டீங்க. தைப் பொங்கல் கழிச்சு வர்ற ரெண்டு வாரம்தான் எனக்குத் தெரிஞ்சு நல்ல நேரம், பொங்கல் கழிச்சு வர்ற முதல் செவ்வாய்க்கிழமை வைக்கிற செவ்வாய்ப் பொங்கலுக்கு நாட்டரசன்கோட்டை வர்றவங்க, வெளிநாட்டுலேருந்து வந்தவங்க எல்லாம் ஊர்ல இருப்பாங்க, வெயிலும் கம்மி. அதுக்கு முன்னாடி அக்டோபர் 2 கிராம சபைக்கு நீங்க போங்க, மேடையில ஏறிப் பேச இல்ல, பின்னாடி நின்னு மகளிர் குழு அக்காங்ககிட்ட "இப்படி ஒண்ணு யோசிக்கிறோம், என்ன வச்சா வருவீக"ன்னு கேக்க. பெண்களுக்கு டவுன் பஸ் ஃப்ரீதான், ஆனா உங்க ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு கண்டக்டர்கிட்ட கேட்டுட்டு, அதுக்கு அரை மணி முன்னாடி நிகழ்ச்சி முடியிற மாதிரி போட்டுக்கங்க. குழு அக்காங்க என்ன சொன்னாங்கன்னு இங்கயே எழுதுங்க தம்பி, மத்தத அதப் பாத்துட்டுப் பேசுவோம்.